நீல வெளிச்சத்தில் மாட்டிய ஐயாயிரம் ரூபாய்

கந்தளாய்ச் சந்தைக்கு அருகே ஒரு பலசரக்குக் கடை. எனக்கு முன்னால் நின்ற பெண் வயல் கூலியாகக் கிடைத்த ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். கடைக்காரர் அதை மேசையிலிருந்த ஊதா விளக்கின் கீழ் பிடித்தார். தாள் நீலமாகப் பளிச்சிட்டது.

"இது கள்ள நோட்டு அக்கா, எடுக்க ஏலாது."

"தம்பி, உடுப்போட சேர்த்துத் தோய்ச்சிட்டன். அதாலதான் போல."

கடைக்காரர் கேட்கவில்லை. நானும் அதைச் சமாளிப்பு என்றே நினைத்தேன். பிறகு தேடி வாசித்தபோதுதான், விடையே அந்தப் பேச்சில் இருந்திருக்கலாம் என்று புரிந்தது.

அந்த விளக்கிலிருந்து வருவது புற ஊதாக் கதிர். பள்ளிப் புத்தகத்தில் கழியூதா என்று படித்திருப்போம். இத்தகைய விளக்குகள் பலவற்றில் அதன் அலைநீளம் சுமார் 365 நனோமீற்றர். நம் கண்ணுக்கு ஏறத்தாழ 400இற்கு மேல்தான் தெரியும். சில மூலக்கூறுகள் இந்தக் கதிரை உறிஞ்சும்போது அவற்றின் இலத்திரன்கள் மேல்மட்டத்துக்குத் தாவுகின்றன. கொஞ்சச் சக்தியை வெப்பமாக இழந்த பின்னரே கீழே இறங்குகின்றன. அதனால் வெளிவரும் ஒளியின் சக்தி உள்ளே போனதைவிடக் குறைவு. அலைநீளம் கூடி, கண்ணுக்குத் தெரியும் நிறமாகிவிடுகிறது. மலேரியா மருந்தான குயினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்த ஜோர்ஜ் ஸ்டோக்ஸ், 1852இல் இதற்குப் புளோரொளிர்வு என்று பெயரிட்டார். புளோரைட் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தது அது.

போட்டோகொப்பி எடுக்கும் வெள்ளைத் தாளில், அதை இன்னும் வெள்ளையாகக் காட்ட இப்படி ஒளிரும் பொருளொன்றைச் சேர்க்கிறார்கள். நாணயத்தாள் பருத்தி நாரில் செய்யப்படுவது. அதில் இதைச் சேர்ப்பதில்லை. ஆகவே நல்ல தாள் விளக்கின் கீழ் மங்கலாகவே கிடக்கும், சிறப்பு மை பட்ட இடங்கள் மட்டும் ஒளிரும். சாதாரணத் தாளில் அச்சடித்த போலி, முழுவதும் மின்னும். கடைக்காரர் நம்பியது இதைத்தான். அதில் பிழையில்லை.

ஆனால் அதே வெண்மைப் பொருள் சலவைத் தூளிலும் இருக்கிறது! வெள்ளைச் சட்டை திருவிழா விளக்கில் நீலமாக ஒளிர்வது அதனால்தான். சட்டைப் பைக்குள் கிடந்து சலவைத் தூளில் ஊறிய நல்ல தாளின் நாரிலும் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பெண்ணின் தாள் நல்லதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் நீர்க்குறி, பாதுகாப்பு இழை, விரலில் தட்டுப்படும் மேடான அச்சு ஆகியவற்றைப் பார்க்கலாம். இவை ஒரு தோய்ப்பில் போய்விடாது. அன்று அந்தத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கக் கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.