நெருப்புக்கென நிறுத்திய நீர்

ஆலைகளின் நீர்த்தொட்டியில் ஒரு பகுதி தீக்கென்றே ஒதுக்கப்பட்டது. நிமிடத்திற்கு 2,000 லிட்டர் இறைக்கும் பம்பு இரண்டு மணி நேரம் ஓடினால் 2,40,000 லிட்டர் செலவாகும். அவ்வளவும் எந்நேரமும் இருத்தல் வேண்டும். ‘எடுக்காதீர்’ என்று பலகை மாட்டினால் போதுமா? போதாது. அன்றாட உபயோகத்துக்கான குழாயை அந்நீர்மட்டத்திற்கு மேலே பொருத்துவர். நீர் அம்மட்டத்திற்கு இறங்கியதும் அக்குழாயில் நீர் வராது. கீழுள்ள நீரைத் தீயணைப்புக் குழாய் ஒன்றே எடுக்கும். பலகையைவிட இக்குழாயை நான் நம்புவேன்!

தீயணைப்புக் குழாயின் வாயருகே ஒரு தகடு உண்டு. தொட்டி வற்றுகையில் நீர் சுழித்துக் காற்றையும் உள்ளிழுக்கும். காற்றுப் புகுந்த பம்பு சரிவர இறைக்காது. அச்சுழியைத் தடுப்பதே தகட்டின் வேலை.

கிணற்றைப் போலத் தொட்டியையும் தூர்வார வேண்டும்; துருவும் சேறும் குழாய்முனைகளை அடைத்துவிடும். ஆகையால் தொட்டியை இரண்டு அறைகளாகக் கட்டுவதுண்டு. ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று காவல் நிற்கும்.

இத்தனை செய்தும், பம்பு அறை ஆபத்து எட்டும் இடத்தில் இருந்தால் பயனில்லை. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பு, தீயணைப்புப் பம்பு அறையையே சிதைத்துவிட்டது. தீயணைப்போர் வெளியிலிருந்த நீர்நிலையினின்று நீர் கொணர நேர்ந்தது.