வாடும் மரத்துக்கு நீர் மட்டுமே மருந்தன்று

லயத்து வீட்டின் முன்புறம், பழைய சாயத் தகரம் ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. இரண்டு ஆண்டுகளாகத் தழைத்து வந்த அக்கன்றின் இலைகள் ஒரு நாள் தொங்கிப்போகின்றன. வீட்டு அம்மையார் பதறி, ஒரு வாளி நீர் ஊற்றுகிறார். மறுநாள் வாட்டம் மிகுகிறது. மீண்டும் ஒரு வாளி. ஒரு வாரத்தில் கன்று மடிந்துவிடுகிறது. “இவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லையே” என்று அவர் வருந்துகிறார். உண்மையில் அக்கன்று தாகத்தால் மடியவில்லை. நீரில் மூழ்கியே மடிந்தது.

தோட்டப்புறங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, மா ஆகியவற்றை நாம் அழகுக்காக மட்டும் வளர்ப்பதில்லை. அவை அன்றாடச் சமையலுக்கு உதவுகின்றன. கடைச் செலவைக் குறைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பேணிய மரம் ஒரே வாரத்தில் அழிவது வீட்டுக்கு இழப்பே ஆகும். ஆகவே, மரம் வாடினால் வாளியைத் தேடுமுன் காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

அதிகாலைப் பால் கற்பிக்கும் பாடம்

பால் வெட்டும் தோழர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பொழுது புலருமுன் வெட்டினால் பால் மிகுதியாக வடிகிறது. வெயில் ஏறிய பின் குறைந்துவிடுகிறது. ஏன்? இரவில் இலைகள் நீரை மிகக் குறைவாகவே ஆவியாக விடுகின்றன. வேர் உறிஞ்சும் நீர் மரத்தினுள் நிறைந்து, உள் அழுத்தம் மிகுகிறது. அந்த அழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறியதும் இலைவழியே நீர் வெளியேற, அழுத்தம் தாழ்கிறது.

இலையை விறைப்பாக நிறுத்துவதும் இதே அழுத்தந்தான். வேர் உறிஞ்சுவதைவிட இலை வெளிவிடுவது மிகுந்தால் இலை தொங்கும். நண்பகலில் சற்று வாடி, மாலையில் நிமிரும் செடியைக் குறித்து அஞ்சத் தேவையில்லை. ஆனால், இரவு முழுவதும் ஓய்வு பெற்ற பின்னரும் விடியற்காலையில் வாடியே நிற்குமாயின், வேரிலோ தண்டிலோ கேடு உண்டு என்று அறிக.

முதலில் மண்ணைப் பாருங்கள்

விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழம் செலுத்துங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் அடிமண் ஈரமாயிருக்கலாம். ஆதலால் கண்ணை நம்பாமல் விரலை நம்புதல் நன்று. மண் வறண்டிருந்தால் நீர் தேவை. மண் சேறாக இருந்தும் இலை வாடினால் நீரை உடனே நிறுத்தல் வேண்டும்.

வறட்சியால் வாடினால்

தொட்டி மண் முற்றிலும் காய்ந்தால் சுருங்கி, தொட்டியின் ஓரத்திலிருந்து விலகிவிடும். மேலே ஊற்றும் நீர் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடுமேயன்றி வேருக்குச் சேராது. அத்தொட்டியை ஒரு பெரிய வாளி நீரில் அமிழ்த்தி, குமிழிகள் நிற்கும் வரை, ஏறத்தாழ அரைமணி நேரம் வைத்திருங்கள். பின்னர் எடுத்து, நீர் வடியவிட்டு, சில நாள்களுக்கு நிழலில் வையுங்கள்.

நிலத்து மரத்துக்கு அடிமரத்தை ஒட்டி நீர் ஊற்றுவதால் பயன் குறைவு. நீரை உறிஞ்சும் இளவேர்கள் பெரும்பாலும் கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கும். அங்கே மெதுவாக, ஆழமாக நனையுமாறு ஊற்றுதல் வேண்டும். காய்ந்த புல்லையும் சருகையும் இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிலைக்கும். ஆனால் அவை அடிமரத்தைத் தொடலாகாது.

நீர் மிகுந்து வாடினால்

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்தே அது உயிர்வளியைப் பெறுகிறது. அவ்விடத்தை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவேதான் காலடியில் நீர் நிரம்பியிருக்க, மரம் நீரின்றி வாடுகிறது!

தகரங்களிலும் நெகிழி வாளிகளிலும் வளர்க்கும் செடிகளுக்கு இக்கேடு மிகுதி. அடியில் துளை இல்லாத பாத்திரம் செடிக்குத் தொட்டியன்று, கிணறேயாகும். ஐந்தாறு துளைகள் இட்டு, இரண்டு கற்களின் மேல் தூக்கி வையுங்கள்.

ஏற்கெனவே வாடியிருந்தால், செடியை மண்ணோடு மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்துடன் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்துக் குழைந்து நாற்றமடிக்கும். அதனைத் தூய கத்தியால் வெட்டி நீக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்த புதுமண்ணில் நடுங்கள். வேர் குறைந்ததற்கு ஏற்ப மேற்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். பின்னர் நிழலில் வைத்து, மண் காயத் தொடங்கும்போது மட்டும் நீர் ஊற்றுங்கள். நிலத்து மரமாயின், நீர் தேங்காதவாறு சற்றுத் தள்ளி வடிகால் வெட்டுதல் வேண்டும்.

உரமும் களைக்கொல்லியும்

செடி வாடியதும் உரம் போடுவோர் பலர். மாங்காயில் உப்பிட்டால் மாங்காய் நீர் விடுவதை நாம் அறிவோம். ஒரு கைப்பிடி இரசாயன உரத்தைச் சிறு தொட்டியில் கொட்டினால், வேரும் அவ்வாறே தன் நீரை இழக்கிறது. இலை ஓரங்கள் தீய்ந்தாற்போல் கருகும். உரம் மிகுந்துவிட்டால், துளையுள்ள தொட்டியில் நிறைய நீரை மூன்று நான்கு முறை ஊற்றி வடியவிடுங்கள். புதுத்தளிர் தோன்றும் வரை வேறு உரம் வேண்டா.

களைக்கொல்லி அடித்த பம்பினால் வீட்டுச் செடிக்கு நீர் தெளிக்கலாகாது. கழுவிய பின்னரும் எச்சம் தங்கியிருக்கக்கூடும். மருந்து இருந்த காலித் தோம்புகளைத் தொட்டியாகவோ நீர் பிடிக்கவோ பயன்படுத்துவது செடிக்கு மட்டுமன்று, பிள்ளைகளின் உயிருக்கும் ஆபத்து. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் எஞ்சியிருந்தால், அதனைத் தொடாமல் தோட்ட நிர்வாகத்திடம் அறிவியுங்கள்.

பட்டையில் விழும் காயம்

துணி உலர்த்தும் கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டுவது லயங்களில் வழக்கம். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை அறுக்கிறது. இலையில் உண்டாகும் உணவு, உட்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. ரப்பர் மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டுவிடக்கூடாது என்று நாம் எவ்வளவு கவனமாயிருக்கிறோம்! அதே கவனம் வீட்டு மாமரத்துக்கும் உரியதன்றோ? பட்டை சுற்றிலும் அறுபட்டால் வேர் பட்டினி கிடந்து மடியும். அதன்பின் மரமும் வாடும். கம்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

பழைய ரப்பர் நிலத்தின் பகை

நீரும் உரமும் சரியாயிருந்தும் ஒரு பலா மரம் மஞ்சளித்து வாடலாம். அப்போது அடிமரத்து மண்ணை விலக்கிப் பாருங்கள். வேரின்மேல் வெண்ணிற இழைகள் ஒட்டிப் படர்ந்திருந்தால், அது வெள்ளை வேர் நோயாக இருக்கலாம். நோய் முற்றிய மரத்தின் அடியில், செம்மஞ்சள் நிறக் காளான் தட்டுத்தட்டாக முளைக்கும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ரிட்லி, 1904ஆம் ஆண்டிலேயே ரப்பர் மரத்தில் இந்நோயைக் கண்டறிந்தார்.

இப்பூசணம் மண்ணில் எஞ்சிய பழைய கட்டைகளிலும் வேர்த்துண்டுகளிலும் உயிர்வாழ்ந்து, வேரோடு வேர் தொட்டுப் பரவும். ரப்பர் மட்டுமன்றி, பலா, கொக்கோ, மரவள்ளி ஆகியவற்றையும் தாக்கும். ஆதலால் பழைய ரப்பர் நிலத்தில் வீட்டு மரம் நடுமுன், கட்டைகளையும் வேர்களையும் தோண்டி அகற்றுதல் வேண்டும். இழைகளைக் கண்டால் தோட்ட வெளிக்கள அதிகாரியிடம் உடனே தெரிவியுங்கள். அண்டையிலுள்ள ரப்பர் மரங்களையும் காக்க அது உதவும். இலை வாடும் அளவுக்கு நோய் முற்றிய மரம் பிழைப்பது அரிது. அதனை வேரோடு அகற்றுவதே மற்ற மரங்களுக்குப் பாதுகாப்பு.

அவசரம் வேண்டா

இலையெல்லாம் உதிர்ந்ததும் மரம் இறந்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். சிறு கிளையை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் அங்கு உயிர் உண்டு. காய்ந்து பழுப்பாயிருந்தால், இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். உயிருள்ள இடம்வரை கிளையை வெட்டிவிட்டு, சில வாரங்கள் பொறுத்திருங்கள், தளிர் வரக்கூடும்.

வாடிய மரம் பேசுவதில்லை. ஆயினும் மண்ணும் வேரும் பட்டையும் அதன் குறையை நமக்குச் சொல்கின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களின் பட்டையைத் தொட்டுப் பழகிய கைகளுக்கு அதனை அறிவது அரிதன்று. அடுத்த முறை வீட்டுக் கறிவேப்பிலை தலை சாய்ந்தால், வாளியைத் தூக்குமுன் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.