பனைத் தீவில் கடற்கரை நிலத்துக்குக் கிராக்கி

இந்தோனேசியாவின் தென்கோடியில், தைமூர் தீவை ஒட்டி, ரோட்டே என்ற சிறு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தைமூரில் உள்ள கூப்பாங் நகரிலிருந்து படகில் சில மணி நேரப் பயணம். இந்தத் தீவின் மேற்குக் கரையில் உள்ள நெம்பராலா கிராமத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடலோர நிலத்துக்குக் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. வாங்க வருபவர்கள் பயிர் செய்ய வருபவர்கள் அல்லர். அலைமேல் பலகையில் சறுக்கி விளையாட வந்து, ஊர் பிடித்துப்போனவர்களும், அவர்களுக்கு விடுதி கட்ட எண்ணுபவர்களும்தான்.

விற்பதா, வேண்டாமா என்பது அங்குள்ள சிறு விவசாயியின் கேள்வி. அதற்குப் பதில் தேடுமுன், அவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோட்டேயின் கற்பகத்தரு பனை. நம் ஊரில் உள்ள அதே பனைதான். அங்கே லொந்தார் என்கிறார்கள். மழை டிசம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் வறட்சிதான். நெல்லும் மக்காச்சோளமும் மழையை நம்பியவை. மழை பொய்த்த ஆண்டுகளிலும் ரோட்டே மக்கள் தாக்குப்பிடித்தது பனையால்தான் என்று மானிடவியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1977ல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார்.

ஆண்கள் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிறார்கள். பதநீரைச் சுமக்க ஓலையில் முடைந்த பட்டைதான் பாத்திரம். பெண்கள் அதைக் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டியாக வார்ப்பதும் உண்டு. ஆனால் நிறையப் பதநீர் கட்டியாகாமல் பாகாகவே சேமிக்கப்படுகிறது. பதநீர் வராத மாதங்களில் அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே ஒரு வேளை ஆகாரத்தை முடித்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். மிச்சம் மீதி பன்றிக்குப் போகும். ஓலையில் தொப்பி செய்கிறார்கள். சசாண்டோ என்ற நரம்பு வாத்தியத்துக்கும் ஓலைதான் கூடு. நம் பனைத் தொழிலாளர்கள் நேரில் கண்டால் வியப்பார்கள்.

விவசாயக் கண்ணோடு பார்த்தால் கடற்கரை மணல் இரண்டாந்தர நிலம்தான். அந்த மணலுக்கு மதிப்பைக் கொடுத்தது கடற்பாசி. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் வகையே அங்கும். அலையைத் தடுக்கும் பவளப் பாறைக்கு உட்புறம், ஆழமற்ற தண்ணீரில் முளை அடித்துக் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியை முடிந்துவிடுகிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. பிறகு கரையில் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஏழெட்டுக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். எனவே பாசி விவசாயிக்குக் கடல் மட்டும் போதாது. காயப்போடக் களம் வேண்டும், கயிறும் மூட்டையும் கொண்டுபோக வழி வேண்டும். இரண்டும் கடற்கரை நிலத்தில்தான் இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்கும் ஒரு பேரிடி விழுந்தது. 2009 ஆகஸ்ட் 21ல் ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் மொண்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, 10 வாரங்களுக்கு மேல் எண்ணெய் கசிந்தது. ரோட்டேயில் பாசி அழுகி அழிந்தது. 15,000க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகளுக்காக 2016ல் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2021ல் தீர்ப்பு விவசாயிகள் பக்கம் வந்தது. 2022ல் எண்ணெய் நிறுவனம் 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர உடன்பட்டது. பயிர் அழிந்து 13 ஆண்டுகள் கழித்து! இடைப்பட்ட காலத்தில் கையில் காசில்லாதவருக்கு, நிலத்துக்கு விலை பேச வருபவர் தெய்வமாகத் தெரிந்தால் வியப்பில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தோனேசியாவின் நிலச் சட்டம் 1960ல் இயற்றப்பட்டது. முழு உரிமை, அதாவது 'ஹாக் மிலிக்', அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவருக்கு அது கிடையாது. ஆகவே சிலர் உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்குகிறார்கள். இது இரு தரப்புக்கும் ஆபத்து. வெளிநாட்டவருக்கு உரிமை போய்ச்சேரும்படி செய்த கிரயம் செல்லாது என்கிறது சட்டத்தின் 26வது பிரிவு. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. பெயரைக் கொடுத்த உள்ளூர்க்காரர் வில்லங்கத்தில் மாட்டிக்கொள்வார்.

நேரான வழி வேறு இருக்கிறது. முழு உரிமை உள்ள விவசாயி, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, கட்டடம் கட்டும் உரிமையையோ அனுபவிக்கும் உரிமையையோ மட்டும் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம். 2021ல் வந்த விதிகளின்படி இதன் கெடு அதிகபட்சம் 30 ஆண்டு. இரு தரப்பும் விரும்பினால் புதுப் பத்திரம் எழுதி நீட்டலாம். கெடு முடிந்தால் நிலம் குடும்பத்துக்குத் திரும்பும். நீட்டிப்பதற்கு இப்போதே கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் மறுத்துவிட வேண்டும். 30 ஆண்டு கழித்து அந்த மணல் என்ன விலை போகும் என்று இன்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கெல்லாம் முதலில் பத்திரம் வேண்டும். வழிவழியாக அனுபவித்து வரும் நிலம் பலவற்றுக்குக் கையில் இருப்பது வரி ரசீது, அல்லது ஊர்த் தலைவர் கொடுத்த கடிதம். வரி ரசீது உரிமைச் சான்று ஆகாது. 2017 முதல் அரசு ஊர் ஊராக நிலத்தை அளந்து சான்றிதழ் வழங்கி வருகிறது. பழைய காகிதங்களைக் கொண்டு பதிவு செய்துகொள்ள 2021 விதிகள் ஐந்து ஆண்டு கெடுவும் விதித்தன. பதியாத நிலத்தில் விலை பேசுவோர் இருந்தால் பங்காளித் தகராறும் கூடவே வரும்.

விலை பேசும் கணக்கும் புரிய வேண்டும். இந்தோனேசியாவில் மனை நிலம் 'ஆர்' கணக்கில் பேசப்படுவது உண்டு. ஒரு ஆர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு 40 ஆர்.

வழி விஷயத்தில் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. கட்டட உரிமை பெற்றவரின் மனை, பின்னால் உள்ள நிலத்தைப் பாதையிலிருந்தோ நீர்வழியிலிருந்தோ அடைத்துவிட்டால், அவர் வழி விட வேண்டும். ஆனால் பாசி காயப்போடும் களத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. அதைப் பத்திரத்தில் அளவோடு எழுதி, வரைபடத்தில் குறித்துவிடுவதுதான் பாதுகாப்பு. மரமேறும் பனைகளையும் எண்ணிக் குறிக்கலாம்.

குத்தகைப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வது பாலித் தீவில் சகஜம். கல்யாணம், வீடு, மோட்டார் சைக்கிள் என்று இரண்டு ஆண்டில் அது கரைந்துவிட்டால், மீதி 28 ஆண்டும் நிலமும் இல்லை, வரும்படியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தவணையாக வாங்குவது என்றும், ஒவ்வொரு தவணையிலும் அன்றைய விலைக்கு ஏற்ப உயர்த்துவது என்றும் எழுதிக்கொண்டால், மகன் தலையெடுக்கும் காலத்திலும் பணம் வந்துகொண்டிருக்கும்.