விட்டுப்போன ஓர் எண்

பன்னிரண்டு பழங்களை இருவர் பங்கிடலாம். மூவர், நால்வர், அறுவரும் பங்கிடலாம். 12-ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

இவ்விதம் தன்னிலும் சிறியவற்றையெல்லாம் காரணித் தொகையில் விஞ்சி நிற்கும் எண்களைக் கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் ஆராய்ந்தார். 1915-ல் வெளிவந்த அவரது கட்டுரையில் அத்தகைய 102 எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. ஆனால் 293318625600 என்னும் எண் அதில் இல்லை! 5,040 காரணிகள் உடைய அவ்வெண்ணுக்கு அங்கே இடம்பெறச் சகல தகுதியும் உண்டு. எப்படியோ விட்டுப்போயிற்று.

வேடிக்கை யாதெனில், அதை 23-ஆல் பெருக்கினால் வரும் 6746328388800 அட்டவணையின் கடைசி எண்ணாக வீற்றிருக்கிறது. மகனைச் சபையில் அமர்த்தித் தந்தையை வாசலில் நிறுத்திய கதைதான்!

இதனால் அம்மேதையின் பெருமை குன்றுமோ? இத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், பெரிய பகா எண் சிறியதைவிட அதிகத் தடவை வராது என்று அவர் நிரூபித்திருந்தார். விட்டுப்போன எண்ணில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இவ்விரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வருகின்றன. அட்டவணையில் இடம் பெறாத எண்ணும் அவர் கண்ட விதிக்கு அடங்கியே நிற்கிறதன்றோ?