போனில் கோடு இருந்தும் கோல் போகாதது ஏன்?



போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, பணிய லயத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டது. வீட்டுக்காரர் 1990 அம்புலன்ஸுக்கு வாசலில் நின்று பத்துத் தடவை அடித்தார். போனில் இரண்டு கோடு காட்டுது, கோல் மட்டும் போகவில்லை. கடைசியில் மேட்டு லயத்துக்கு ஓடிப்போய்த்தான் பேசினார். தாயும் பிள்ளையும் சுகம். ஆனாலும் அந்த அரை மணித்தியாலத்தை நினைத்தால் எனக்கு இப்பவும் நெஞ்சு படபடக்கும்.

"டவரில் பவரைக் கூட்டினால் சரிதானே ஐயா?" என்று அவர் கேட்டார். அவ்வளவு லேசில்லை.

போனில் தெரிகிற கோடு, டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்குது என்பதைத்தான் காட்டும். நாம் பேசுவது டவருக்குக் கேட்குதா என்று அது சொல்லாது. டவர் 20, 40 வாட்ஸ் வலுவில் பேசும். நம்ம போன் 900 மெகாஹேர்ட்ஸில் கூடினது 2 வாட்ஸ், 4ஜீ என்றால் ஏறக்குறைய 0.2 வாட்ஸ்தான். எதிர்மலையில் ஒருத்தர் ஒலிபெருக்கியில் கூப்பிட, நாம் வெறும் வாயால் பதில் சொல்வது மாதிரி. அவர் இன்னும் பெரிய ஒலிபெருக்கி வைத்தாலும் நம்ம குரல் கூடுமா?

இன்னொன்று. மறைப்பே இல்லாத வெளியில்கூட தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் வலு நாலு மடங்கு வேண்டும். நடுவில் மலை நின்றால் அதுவும் போதாது.

அடுத்தது மீடிறன், அதாவது அலை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிருது என்ற கணக்கு. காமன் கூத்து நடக்கும்போது தப்புச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும், சலங்கைச் சத்தம் கேட்காது. தாழ்ந்த ஒலி வளைந்து வரும், உயர்ந்த ஒலி மறைப்பில் நின்றுவிடும். வானொலி அலையும் அப்படித்தான். பழைய மத்திய அலை 1000 கிலோஹேர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 300 மீற்றர். அது மேடு பள்ளம் பார்க்காமல் வந்தது. எப்.எம். அலை ஏறக்குறைய 3 மீற்றர். போனில் 900 என்றால் 33 சென்ரிமீற்றர், 1800 என்றால் 17தான். அலை சின்னதாகச் சின்னதாக மலையும் ஈர இலையும் தகரக் கூரையும் கூடுதலாக மறைக்கும். ரூபவாஹினிக்கு 2524 மீற்றர் உயரமான பேதுருதாலகால மலையில் கோபுரம் வைத்ததும் இதனால்தான். உயரம் செய்கிற வேலையை வலு செய்யாது.

ஆகவே அவசரத்துக்குக் காம்பிராவுக்குள் நின்று அடிக்காதீங்க. தகரத்தை விட்டு வெளியே வந்து, மேட்டுப் பக்கம் போங்க. ஓரடி தள்ளி நின்றும் பாருங்க. அலை பாறையில், சுவரில் பட்டுத் திரும்புவதால் ஒரு இடத்தில் செத்துப்போன சிக்னல் பக்கத்திலேயே உயிரோடு இருக்கும். போனைக் கையால் முழுசாகப் பொத்தவும் வேண்டாம். அப்படியும் முடியாவிட்டால் மேட்டு லயத்து உறவுக்காரருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போடுங்க. கோல் போகாத இடத்தில் அது சிலவேளை போகும்.

பணிய லயத்தில் பீலிக்கு மேலே உள்ள கல்லில் நின்றால் கோல் போகுது, நானே பார்த்தேன். அந்தக் கல்லுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாச்சு. மற்ற லயங்களில் எந்த இடம் என்று பெரட்டுக்களத்தில் வந்து சொல்லுங்க, அங்கேயும் அடிப்போம்.