நெத்திலி போட்ட சம்பல்

நம் லாபிஸ் கடலோர ஊரல்ல. ஆனாலும் ஈக்கான் பிலிஸ் இல்லாத மளிகைக் கடை இங்கே உண்டா? பங்கோர் தீவுப் பக்கம் மீனைப் படகிலேயே உப்புநீரில் அவித்து, கரையில் வெயிலில் உலர்த்துகிறார்கள். நெத்திலி சேர்த்துச் சமைத்ததைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஆன்சோவிட்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. நமக்கு 'நெத்திலி போட்டது' என்றாலே நாவூறும்!

முள்ளோடு தின்பதால் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. ஆனால் உப்புதான் வினை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஆகவே சகோதரிகளே, நெத்திலியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்திப் பொரியுங்கள். சம்பலுக்குத் தனியே உப்பு வேண்டாம். இரத்தக் கொதிப்புள்ள பெரியவர்களுக்குக் கொஞ்சமாகவே பரிமாறுங்கள். ருசியும் குறையாது, உடம்பும் கெடாது.