வைரமுடிக்கு 'ஸ்பெஷல் டிக்கெட்'! ஏமாறாதீர்கள்

பங்குனி வந்துவிட்டால் மைசூர், பெங்களூர் வாழ் தமிழர்களுக்கு மேல்கோட்டை ஞாபகம் வந்துவிடும். ஸ்ரீராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய தலம் அல்லவா! மண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலுடன் வரும் வைரமுடியைச் சூடி, செல்வப்பிள்ளை இரவில் வீதிவலம் வரும் காட்சியைக் காண பெருங்கூட்டம் சேரும்.

கூட்டம் சேரும் இடத்துக்கு ஜேப்படிக்காரன் நேரில் வந்த காலம் உண்டு. இப்போது அவன் இருந்த இடத்திலிருந்தே செல்போனில் வேலையை முடித்துவிடுகிறான்.

ஒரு வைரமுடி நாளன்று தர்மபுரிப் பக்கத்து அன்பர் ஒருவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். மைசூருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம். ஊரிலிருந்து வந்த தாயாரும் உடன் நின்றார். செல்போனை நீட்டி, "சார், இதுக்கு எந்த பிளாட்பாரம்?" என்றார். 'மைசூர் - மேல்கோட்டை ஸ்பெஷல் ரயில், அறை, தரிசனம்' என்றிருந்தது. முன்பணம் 2,000 ரூபாய் கட்டியிருந்தார்.

"மேல்கோட்டைக்கு ரயிலே கிடையாதே தம்பி! பாண்டவபுரம் வரைதான் ரயில். அப்புறம் பஸ்தான்" என்றேன். அந்த அம்மாளின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. விற்றவனுக்கே அவர் போன் செய்தார். "பணத்தைத் திருப்பித் தருகிறேன். இந்தப் படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்றான் அவன். போட்டார். மேலும் 6,500 ரூபாய் போயிற்று! வெட்கப்பட்டு அறைத் தோழர்களிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் புகார் செய்தபோது பணம் கைமாறிவிட்டது.

அவசரத்தில் போனது 2,000. மீதியை நம்பிக்கையும் வெட்கமும் கொண்டுபோயின.

கவனிக்க வேண்டியவை

பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். இது ஒன்றை மனதில் வைத்தாலே பாதி ஆபத்து நீங்கும்.

ரயில் டிக்கெட்டில் பி.என்.ஆர். எண் பத்து இலக்கம். 139க்குப் போன் செய்தால் உண்மை தெரிந்துவிடும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால், கட்டிய கணக்குக்கே பணம் தானாக வரும். அதற்காக ரயில்வே யாருக்கும் போன் செய்து ஓ.டி.பி. கேட்பதில்லை.

யாத்திரை அறைகளுக்கும் போலி இணையதளங்கள் உண்டு. கேதார்நாத் ஹெலிகாப்டர், சோம்நாத் விடுதி பெயர்களில் நடக்கும் மோசடி பற்றி மத்திய உள்துறை 2025 ஏப்ரலில் எச்சரித்தது. விளம்பரத்தில் உள்ள நம்பரை நம்பாமல், கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பண்டிகைச் சேலை 'பாதி விலை' என்றாலும் அப்படித்தான். தெரியாத கடையானால் முன்பணம் அனுப்ப வேண்டாம். வாங்கிய பொருளில் குறை இருந்தால் 1915க்குச் சொல்லலாம்.

ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வழியுண்டு. ஏமாந்தவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவன் திருடன்.

அன்றிரவு தாயும் மகனும் பஸ் ஏறிப் போய், வீதியோரம் நின்று வைரமுடியைச் சேவித்தார்களாம். அதற்கு டிக்கெட்டே கிடையாது!